கறி தொங்க ஒரு டிரம்

அண்ணன் செய்த புகை டிரம்மில் கறி படுத்துத்தான் கிடக்கும். அடியில் கரி, நடுவில் கம்பித் தட்டு, தட்டின் மேல் கோழி, அதற்கு மேல் மூடி. பெங்களூரிலிருந்து விடுமுறையில் வந்திருந்தபோது இணையத்தில் வீடியோ பார்த்து அவனே செய்தது. மாங்கூழ் ஆலையில் கழித்துக் கட்டிய டிரம்மைத் தருமபுரியில் பழைய இரும்புக் கடையில் வாங்கி, உள்ளே விறகு போட்டு எரித்து, பெயிண்ட் எல்லாம் போன பிறகுதான் கோழியை வைத்தான். அதுவரை சரியாகவே செய்திருந்தான். அதில் வெந்த கோழியை அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தோம். நன்றாக இருப்பதாகத்தான் எல்லோரும் சொன்னார்கள். அண்ணி மட்டும் மூடியைத் தூக்கி உள்ளே பார்த்துவிட்டு, "தங்கச்சி, இது சரி இல்ல. கறி படுத்திருக்கு. கறி படுக்கக் கூடாது, தொங்கணும்," என்றார்.

அண்ணிக்கு நாகாலாந்து. பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தபோது நோயாளிகளிடம் பேசிப் பேசித் தமிழ் கற்றுக்கொண்டவர். "இது என் தங்கச்சி" என்று அண்ணன் என்னைக் காட்டியதால், என்னை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதை அப்போதே முடிவு செய்துவிட்டார். நாத்தனாரைப் போய் யாராவது தங்கச்சி என்பார்களா என்று அம்மா சில மாதங்கள் சொல்லிப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். பிரசவத்துக்கு அண்ணி கடத்தூருக்கு வெளியே இருக்கும் எங்கள் வீட்டுக்கே வந்தார். பெண் குழந்தை. அண்ணன் சனிக்கிழமை தோறும் ரயிலில் தருமபுரி வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வீட்டுக்கு வருவான். நான் ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பார்த்த வேலையை விட்டிருந்தேன். அடுத்த வேலையில் சேரச் சில வாரங்கள் இருந்தன. அப்பா இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. எனவே வார நாட்களில் வீட்டில் அம்மா, அண்ணி, நான், குழந்தை.

குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவாகியிருந்தது. இரண்டு வீடும் கத்தோலிக்கச் சபை என்பதால் அதில் தகராறு இல்லை. அண்ணியின் அப்பா ரயிலில் பெங்களூர் வந்து, அண்ணனோடு இங்கே வருவதாகத் திட்டம். அது பற்றி ஒரு நாள் மாலை அவர் வீடியோ அழைப்பில் பேசினார். நான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். மொழி தெரியாததால் குரல்கள் மட்டும்தான் கேட்டன. அவர் ஏதோ கேட்டார், அண்ணி வேகமாக மறுத்தார், அவர் திரும்பக் கேட்டார், அண்ணி இன்னும் வேகமாக ஏதோ சொன்னார். அழைப்பு முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"பொய் சொல்லிட்டேன், தங்கச்சி," என்றார். ஊசி போட்டுவிட்டுப் பஞ்சை அழுத்திக்கச் சொல்லும் குரல்தான் அதுவும்.

என்ன பொய் என்று கேட்டேன்.

கல்யாணத்துக்கு வந்தபோது அவர் அப்பா வீட்டில் புகை போட்ட பன்றிக்கறியைப் பொட்டலம் கட்டி எடுத்து வந்திருக்கிறார். ரயில் பெட்டியில் இருந்தவர்கள் வாடைக்குச் சண்டை பிடிக்க, வழியில் ஏதோ ஒரு ஸ்டேஷனில் இறங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வெறுங்கையோடு வந்து சேர்ந்தாராம். இந்த முறையும் எடுத்து வருகிறேன் என்றிருக்கிறார். அண்ணி வேண்டாம் என்றிருக்கிறார். ஏன் என்று கேட்டபோது, இங்கேயும் எங்கள் வீட்டில் கறி தொங்குகிறது என்று சொல்லிவிட்டார்.

"சரி, வந்ததும் உண்மையச் சொல்லிடலாமே அண்ணி?"

"அப்பா என்னக் கூட்டிட்டுப் போகத்தான் வர்றாங்க. நீ அங்க கெஸ்ட் மாதிரி இருக்க, வேற வீட்டு சாப்பாடு சாப்பிடற, பாப்பாவ எடுத்துட்டு ஒரு வருஷம் வீட்டுக்கு வா, அப்படி சொல்றாங்க. எங்க ஊர்ல ஒரு வீட்டுக்குள்ள போனா முதல்ல மேல பாப்பாங்க. அடுப்பு மேல கறி தொங்கினா வீடு நல்லா இருக்கு. இங்க வந்தா அப்பா மேல பாப்பாங்க. மேல என்ன இருக்கு? ஃபேன் இருக்கு."

"உங்களுக்குப் போகணும்னு இருக்கா?"

"போகணும்னா நானே போவேன்," என்றார் அண்ணி. "கூட்டிட்டுப் போகக் கூடாது."

அன்று இரவே டிரம்மின் குறைகளை எழுதினேன். எதையும் வரிசை போடாமல் எனக்கு யோசிக்க வராது. உயரம் போதாது: முழங்கை நீளக் கறித்துண்டைத் தொங்கவிட்டால் நுனி நெருப்பைத் தொடும். நெருப்பு நேர் கீழே இருக்கிறது: கொழுப்பு சொட்டிப் பற்றிக்கொள்ளும், கறி புகையில் காய்வதற்குப் பதில் வெந்துவிடும். மாட்ட இடம் இல்லை. புகை வெளியேற வழி இல்லை: தேங்கிய புகை கறியில் கசப்பாகப் படியும். ஐந்தாவதாக "அம்மா" என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

அம்மாவிடம் மறுநாள் காலையிலேயே பேசினேன். ஆடு, கோழி, எப்போதாவது மாட்டுக்கறி, அதோடு எங்கள் வீட்டுப் பழக்கம் முடிந்தது. பன்றி வந்ததே இல்லை.

"வெண்பன்னி வாசப்படி தாண்டக் கூடாது," என்றாள் அம்மா. "பின்னால மாமரத்துக்கிட்ட என்னா வேணா பண்ணிக்கங்க. நான் கேக்க மாட்டன், பாக்கவும் மாட்டன்."

"சரிம்மா."

"எனக்கு ஒண்ணுதான் புரியல. உப்புக்கண்டம் போடாத ஊரா இது? மஞ்சளும் உப்பும் தடவி, கோணி ஊசியில கோத்து வெயில்ல கட்டுனா நாலு நாள்ல காஞ்சி கட்டையாப் போவுது. அதுக்குப் போயி ஒரு இன்ஜினீரு, ஒரு டிரம்மு."

அண்ணி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "அம்மா, எங்க ஊர்ல வெயில் இல்ல. மழைதான். அதான் புகை," என்றார்.

"அது உங்கூர்ல கண்ணு. இங்க வெயிலுக்கா பஞ்சம்?"

அண்ணி குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். எனக்குத் தொழில்நுட்ப ரீதியாக அம்மா சொல்வது சரி என்றே பட்டது. ஆனால் கறியைக் காயவைப்பது இங்கே பிரச்சினை அல்ல.

நெருப்பை டிரம்முக்கு வெளியே எடுத்துவிடுவது என்பதுதான் என் திட்டத்தின் முக்கியப் பகுதி. தரையில் ஒரு சின்ன இரும்புப் பெட்டி, அதற்கு ஒரு கதவு. பெட்டியிலிருந்து ஒரு குழாய் சாய்வாக மேலேறி, கற்களின் மேல் உயர்த்தி வைத்த டிரம்மின் அடிப்பக்கத்தில் நுழையும். புகை நடந்து வருவதற்குள் சூடு தணிந்துவிடும். டிரம்மின் மேல் இன்னொரு அரை டிரம்மை வைத்து வெல்டிங் செய்தால் உயரம் கிடைக்கும். மேல் விளிம்புக்குக் கீழே எதிரெதிர்த் துளைகள், துளைகளில் எவர்சில்வர் கம்பிகள், கம்பிகளில் கொக்கிகள். மூடியில் ஒரு புகைபோக்கி, அதை வேண்டிய அளவு மூடித் திறக்க ஒரு தகடு. அடியில் கொழுப்பு சொட்ட ஒரு தட்டு. வரைபடம் போட்டு அளவு குறித்து, கடத்தூரில் ஒரு வெல்டிங் பட்டறைக்கு எடுத்துப் போனேன்.

பட்டறைக்காரர் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"மேடம், அடுப்பு, பைப்பு, டிரம்மு. இது சாராயம் காச்சற செட்டுங்களா?"

"கறிக்குப் புகை போடறதுங்கண்ணா."

"அப்பிடித்தான் சொல்லுவாங்க. போலீசு கேட்டா எங்கடை பேர சொல்லிராதீங்க." கூட இருந்த இன்னொருவரிடம் தாளைக் காட்டி, "இன்ஜினீரிங் படிச்ச புள்ளைங்க எல்லாம் ஒழுங்காத்தான் போட்டுருக்குதுங்க," என்றார்.

குழாய் விஷயத்தில்தான் வாக்குவாதம் வந்தது. பழைய போர்வெல் குழாய் ஒன்று கிடக்கிறது, சல்லிசாக வெட்டித் தருகிறேன் என்றார். துத்தநாகம் பூசிய குழாய் வேண்டாம், சூடானால் அந்தப் பூச்சு புகையாகும், கறிக்கும் ஆகாது, ஆளுக்கும் ஆகாது என்றேன்.

"அந்தப் பைப்புலதான மேடம் தண்ணியே குடிக்கறோம்?"

"தண்ணியக் கொளுத்தலீங்களே அண்ணா."

அவர் சிரித்துவிட்டுப் பூச்சில்லாத குழாயை எடுத்தார். அந்த வாரம் முடிவதற்குள் எல்லாம் சரக்கு ஆட்டோவில் வந்து இறங்கியது. மாமரத்தடியில் நிறுத்திப் பார்த்தபோது பட்டறைக்காரர் சொன்னது தவறில்லை என்று தோன்றியது. கத்தோலிக்கக் குடும்பம் வேறு, சாராயம்தான் என்று ஊரே முடிவு செய்திருக்கும்.

முதல் சோதனை கோழியில். இறக்கையின் அடியில் கொக்கியை மாட்டினேன். சற்று நேரத்தில் சதை இளகிக் கோழி கழன்று தட்டில் விழுந்தது. கொக்கி தோலைக் குத்தி எலும்பைச் சுற்றி வர வேண்டும் என்று அண்ணி சொன்னார். அடுத்த கோழி நின்றது. இரண்டு டிரம்களும் சேரும் இடத்தில் ஓரிடத்தில் புகை கசிந்தது. செம்மண்ணைக் குழைத்துப் பூசினோம். பெட்டியின் கதவு திறந்திருந்தால் நெருப்பு கொழுந்துவிட்டு எரிகிறது, மூடியிருந்தால் கட்டை கனிந்து புகைகிறது. "விறகு போட்டதும் கதவை மூடிடணும். யார் போட்டாலும்," என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்தேன். எல்லோரும் என்றால் அண்ணியும், இதையெல்லாம் பார்க்கவே மாட்டேன் என்ற அம்மாவும்.

ஞானஸ்நானத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் பாப்பிரெட்டிப்பட்டி சாலையில் ஒரு கடையில் பன்றிக்கறி வாங்கி வந்தான். அந்தக் கடை ஞாயிறு மட்டும்தான் திறக்கும். கறி புது வாளியில், வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தது. அண்ணி தோலும் கொழுப்பும் விடாமல் நீளநீளமாக வெட்டி, உப்பைத் தேய்த்து ஊறவைத்தார். வேறு எதுவும் சேர்க்கவில்லை. மறுநாள் தொங்கவிட்டோம். முதல் நாள் நெருப்பைக் கொஞ்சம் தூக்கலாக வைத்தோம், அடுத்த நாளிலிருந்து தணித்தோம். விறகு மாங்கட்டை, முன்பு அடித்த காற்றில் ஒடிந்து காய்ந்த கிளை.

அந்த வாரம் ஒழுங்காகப் போனது. அண்ணி காலையிலேயே பின்பக்கம் வந்துவிடுவார். மாமரக் கிளையில் பழைய சேலையில் ஏணை கட்டிக் குழந்தையைப் போட்டு, ஒரு கையால் அதை ஆட்டிக்கொண்டு மறு கையால் கட்டையைத் தள்ளுவார். அம்மா பார்க்க மாட்டேன் என்று சொன்ன இடத்துக்கு வரவில்லை. சமையலறை ஜன்னலிலிருந்து பேசினாள்.

"ஒரு பக்கம் கறி தொங்குது, ஒரு பக்கம் புள்ள தொங்குது. நல்ல வூடுதான்."

"ரெண்டும் நல்லா தொங்குது அம்மா," என்றார் அண்ணி.

நாள் செல்லச் செல்லக் கறியின் நிறம் மாறியது. வெளுப்பு, பிறகு தேன் நிறம், பிறகு ஈரச் செங்கல் நிறம். அண்ணி தினமும் போனில் படம் எடுத்தார், ஆனால் அப்பாவுக்கு அனுப்பவில்லை. நேரில் பார்க்கட்டும் என்றார்.

வியாழக்கிழமை மதியம் தெருவிலிருந்து இரண்டு பெண்கள் குழந்தையைப் பார்க்க வந்தார்கள். கண்ணைப் பார், மூக்கைப் பார், நிறத்தைப் பார், பொம்மையாட்டம் இருக்குது, நம்மூர்ல இப்பிடி ஒரு புள்ளய நான் பாத்ததே இல்ல என்று மாற்றி மாற்றிச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் போனதிலிருந்து குழந்தை அழுதது. பால் குடிக்கவில்லை, ஏணையிலும் தூங்கவில்லை. அண்ணி மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டு, வயிற்று வலியாக இருக்கும், தானே சரியாகும் என்றார். பிறகு களைத்துப்போய் உள்ளே படுத்தார். நான் முன்னறையில் புது அலுவலகத்திலிருந்து வந்த அழைப்பில் இருந்தேன்.

அம்மாவுக்கு இது வயிற்று வலி என்பதில் நம்பிக்கை இல்லை. அவள் ஞாயிறு பூசையைத் தவற விடாதவள். அதே அளவு உறுதியோடு காய்ந்த மிளகாய், கல்லுப்பு, வந்தவர்கள் மிதித்த இடத்து மண் ஆகியவற்றைக் கையில் பொத்திக் குழந்தையைச் சுற்றி எடுப்பாள்; முடிவில் சிலுவை அடையாளமும் போட்டுக்கொள்வாள். சுற்றியதை நெருப்பில் போட வேண்டும். வழக்கமாக வாசலில் கொட்டாங்கச்சியைக் கொளுத்துவாள். அன்று பின்பக்கத்தில் நெருப்பு தயாராக இருந்தது. இரும்புப் பெட்டியின் கதவைத் திறந்து கைப்பிடி மிளகாயையும் உள்ளே போட்டாள். போட்டதும், நான் சொல்லியிருந்தபடி, கதவை மூடிவிட்டாள்.

நான் அழைப்பை முடித்துக்கொண்டு வந்தபோது அம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மரத்தடியில் நின்றாள். முகம் பிரகாசமாக இருந்தது.

"கமறுச்சா பாரு? மொளகா நெடி கொஞ்சமாச்சும் வருதா? வருல. எத்தினி கண்ணு பட்டிருந்தா இப்பிடி இருக்கும்!"

கண் பட்டிருந்தால் சுற்றிப் போட்ட மிளகாய் கமறாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கமறினால் கண் இல்லை.

"எங்க போட்டீங்க?"

"இதுலதான்." அம்மா பெட்டியைக் காட்டினாள். "கதவக்கூட மூடிட்டன். நீதான மூடச் சொன்ன?"

குழாய் நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது. பெட்டியிலிருந்து ஒரு இழை புகை வெளியே வரவில்லை. முழுவதும் டிரம்முக்குள் ஏறி, கறியைச் சுற்றி, புகைபோக்கி வழியாக வெளியேறி, காற்று அடித்த பக்கம், கரும்புத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் போய் மூடியைத் தூக்கினேன். அதைச் செய்திருக்கக் கூடாது. தொண்டையில் ஒரு அடி விழுந்தது போல் இருந்தது. நான் இருமினேன், அம்மா இருமினாள், குழந்தை தும்மியது, மரத்தடியில் படுத்திருந்த நாய் எழுந்து ரோட்டுப் பக்கம் ஓடியது. சத்தம் கேட்டு அண்ணி ஓடி வந்தார். வந்த வேகத்தில் அவரும் இருமினார்.

"யம்மா, என்னா நெடி," என்றாள் அம்மா கண்ணைத் துடைத்தபடி.

"இப்ப கமறுதே. அப்ப கண்ணு இல்லையாம்மா?"

"அது... அது கறியோட நெடி. புள்ளயோடது கமறுல." சொல்லிவிட்டுத்தான் அம்மாவுக்கு மற்றது உறைத்தது. அண்ணியைப் பார்த்தாள். "ஏங்கண்ணு, கழுவுனா போயிரும்ல?"

அண்ணி ஒரு துண்டில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தார். "காரம்," என்றார்.

எனக்கு வழிகள் தெரிந்த வரிசையில் சொன்னேன். கழுவலாம்: புகையும் போய்விடும், ஈரம் பட்டுக் கறியும் கெடும். மேல் தோலைச் சீவலாம்: காட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது. புதிதாகப் போடலாம்: கடை ஞாயிறுதான் திறக்கும், அண்ணியின் அப்பா சனிக்கிழமை வருகிறார். கோழியைத் தொங்கவிட்டுக் காட்டலாம்.

"கோழி வேண்டாம்," என்றார் அண்ணி. "இது இருக்கட்டும்." பெட்டியைத் திறந்து, எரிந்த மிளகாயைக் குச்சியால் வெளியே இழுத்துவிட்டு, புதுக் கட்டை வைத்துக் கதவை மூடினார். பிறகு குழந்தையை அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டார். அது தூங்கிப்போயிருந்தது.

சனிக்கிழமை பிற்பகலில் அண்ணனும் அண்ணியின் அப்பாவும் வந்தார்கள். குள்ளமான மனிதர். தருமபுரி வெயிலில் ஜாக்கெட் போட்டிருந்தார், கையில் குடை. அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு அவர் மொழி தெரியாது. இரண்டு பேரும் கும்பிட்டுக்கொண்டார்கள். பையிலிருந்து மூங்கில் குருத்து போட்ட பாட்டிலும் குழந்தைக்குச் சிவப்பு நெசவுப் போர்வையும் எடுத்துக் கொடுத்தார். கறி இல்லை. மகள் சொன்னதை நம்பி வந்திருந்தார்.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தபோது, அண்ணி சொன்னபடியே, மேலே பார்த்தார். டியூப் லைட், ஒட்டடை, புகை இழுக்கும் விசிறி. அண்ணி அவர் முழங்கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப் போனார். அவர் டிரம்மைச் சுற்றி ஒரு முறை நடந்தார். குழாயைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறிக்கொண்டார். அண்ணி மூடியைத் தூக்க, உள்ளே எட்டிப் பார்த்தார். கம்பிகளில் வரிசையாகக் கறி தொங்கியது. அண்ணியின் கண்கள் கறியில் இல்லை, அவர் முகத்தில் இருந்தன. அவர் தலையை ஆட்டினார். அது ஒப்புதலா, துண்டுகளை எண்ணியது மட்டும்தானா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சமையலும் அங்கேயே நடந்தது. மரத்தடியில் ஒற்றை அடுப்பு வைத்து, கறியை மூங்கில் குருத்தோடு வேகவைத்தார் அண்ணி. பாய் விரித்து உட்கார்ந்தோம். அம்மா பின்வாசல் நிலையில் நின்றாள். அவர் முதல் துண்டை வாயில் வைத்து மென்றார். நிறுத்தினார். கண் நிறைந்தது. இருமினார், தண்ணீர் குடித்தார், தட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்து ஒரே ஒரு சொல்லில் ஏதோ கேட்டார்.

அண்ணி வெகுநேரம் பேசினார். மறைக்க நினைத்திருந்தால் அவ்வளவு நேரம் ஆகியிருக்காது. நடுவில் எனக்குப் புரிந்த சொற்கள் மூன்று: தங்கச்சி, வெல்டிங், கண்ணு. கையால் குழந்தையைச் சுற்றிக் காட்டினார், பெட்டியைக் காட்டினார், மூடியைத் தூக்குவது போலவும் நாய் ஓடுவது போலவும் காட்டினார். போன மாதம் வரை இங்கே எதுவும் தொங்கவில்லை என்பதையும் சொல்லிவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

"என்னா சொல்றாரு?" என்று நிலையிலிருந்து அம்மா கேட்டாள். குரல் இறங்கியிருந்தது.

அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார்.

"பாப்பாவுக்கு இப்போ சரியாயிடுச்சான்னு கேக்கறாங்க அம்மா," என்றார் அண்ணி.

"ஆயிருச்சிங்க," என்றாள் அம்மா, நேராக அவரிடமே. "அப்பவே தூங்கிட்டா. அதுக்கப்பறம் அழுவவே இல்லீங்க."

அண்ணி அதை மாற்றிச் சொன்னார். அவர் "ம்" என்றுவிட்டு மறுபடி தட்டில் கை வைத்தார். இருமிக்கொண்டே சாப்பிட்டு முடித்தார். அண்ணனும் இருமிக்கொண்டே சாப்பிட்டான். எனக்கு அந்தக் காரம் பிடிக்கவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன்.

சாப்பிட்டதும் அவர் எழுந்து போய் மிச்சம் தொங்கியதைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, இது பாதிக் கறி, இன்னும் பல நாள் தொங்க வேண்டும் என்றாராம். என் பங்குக்கு, புகைபோக்கித் தகட்டை இன்னும் கொஞ்சம் திறந்தால் சீக்கிரம் காயும் என்றேன். அவர் வேண்டாம் என்றார். நான் திறந்தேன். அவர் மூடினார். அவர் தங்கியிருந்த நாட்களில் அந்தத் தகடு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே இப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தது. யார் சொன்னது சரி என்று கடைசிவரை நிரூபிக்க முடியவில்லை.

ஞாயிறு ஞானஸ்நானம் முடிந்தது. குழந்தை தண்ணீர் பட்டபோதும் அழவில்லை; அம்மா அதையும் மிளகாயின் கணக்கில் சேர்த்தாள். அண்ணன் பெங்களூருக்குப் போனான். அண்ணியின் அப்பா தினமும் டிரம்மின் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஏன் இதை வெளியே வைத்திருக்கிறீர்கள், ஆட்கள் உட்காரும் இடத்தில்தானே இது இருக்க வேண்டும் என்று ஒரு முறை கேட்டார். அண்ணி என்ன பதில் சொன்னாரோ தெரியாது. அம்மா இருந்த பக்கம் அண்ணி திரும்பவில்லை.

அவர் கிளம்ப வேண்டிய நாள் நெருங்கியது. ஒரு காலையில் நான் கட்டை பிளந்துகொண்டிருந்தபோது நாற்காலியில் இருந்தபடியே மகளிடம் மெதுவாகப் பேசினார். அண்ணி ஏணையை ஆட்டுவதை நிறுத்தினார். பிறகு டிரம்மைக் காட்டிச் சில வார்த்தைகள் சொன்னார். அவர் டிரம்மைப் பார்த்தார், ஏணையைப் பார்த்தார், எழுந்து போய்ப் பெட்டிக்குள் ஒரு கட்டையைத் தள்ளிக் கதவை மூடினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவர் குளிக்கப் போனதும் கேட்டேன்.

"வா, பேக் பண்ணுன்னு சொன்னாங்க. நான் சொன்னேன், கறி இன்னும் முடியல. யார் தொங்கவிட்டாங்களோ அவங்கதான் இறக்கணும். நான் வந்தா யார் நெருப்பு பாப்பாங்க? எப்படி வர்றது?"

"உங்க ஊர்ல அப்படி ஒரு வழக்கம் இருக்கா?"

"இல்ல," என்றார் அண்ணி. "இப்போதான் சொன்னேன். அப்பாவுக்கும் தெரியும், அப்படி எதுவும் இல்லன்னு."

புறப்படும் அன்று, மெலிசான ஒரு துண்டு மட்டும் முழுக்கக் காய்ந்திருந்தது. அண்ணி அதை இறக்கி, செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் உறைகளில் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு, மாம்பழ அட்டைப் பெட்டியில் வைத்தார். இந்த முறை கறி இங்கிருந்து அங்கே போனது. கட்டுவதற்குச் சணல் எடுத்து வந்தபோது அம்மா பின்வாசல் படியிறங்கி வந்தாள்.

"இரு இரு. கறிய அப்பிடியே வழி அனுப்பக் கூடாது. காத்து கருப்பு ஒட்டிக்கும்."

இரும்புப் பெட்டியைத் திறந்து, ஆறிப்போன கரித்துண்டு ஒன்றைக் கிளறி எடுத்தாள். மடியிலிருந்து காய்ந்த மிளகாய் ஒன்றையும் எடுத்து, இரண்டையும் கறிப் பொட்டலத்தின் மேல் வைத்து, அட்டைப் பெட்டியை அவளே மூடிக் கட்டினாள். முடிச்சை இறுக்கிவிட்டு, வாசலில் பஸ்ஸுக்கு நின்றவரிடம் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். போகும்போது சமையலறை வழியாகப் போனாள். அது குறுக்கு வழி.

ஊர் போய்ச் சேர்ந்ததும் அவர் அழைத்தார். அண்ணி போனைத் திருப்பிக் காட்டினார். கருத்த உத்தரம், அதில் கருத்த கறிகள், நடுவில் எங்கள் துண்டு. பெட்டி கட்டிய சணலிலேயே அதைத் தொங்கவிட்டிருந்தார். பெட்டியில் இருந்த கரி எதற்கு என்று கேட்டாராம். வழியில் யாரும் சண்டை பிடிக்காமல் இருக்க என்று அண்ணி சொன்னாராம். யாரும் பிடிக்கவில்லை, ஆனால் அடுப்புப் பக்கம் உட்காருகிறவர்கள் அவ்வப்போது தும்முகிறார்கள் என்றாராம்.

நான் புது வேலையில் சேர்ந்துவிட்டேன். டிரம்மில் செய்ய வேண்டியவை இன்னும் இருக்கின்றன: தகட்டுக்கு மரக் கைப்பிடி, டிரம்கள் சேருமிடத்தில் செம்மண்ணுக்குப் பதில் நல்ல அடைப்பு, மழைக்கு மேலே ஒரு தகரம். அண்ணியும் குழந்தையும் இங்கேதான் இருக்கிறார்கள். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் கம்பிகளில் ஏதாவது இருக்கிறது. போன முறை போனபோது தெருவிலிருந்து யாரோ வந்து குழந்தையைக் கொஞ்சிவிட்டுப் போயிருந்தார்கள். அம்மா கைக்குள் மிளகாயும் உப்பும் பொத்திக்கொண்டு, சுற்றி முடித்து, பின்வாசலில் நின்று அண்ணியைக் கூப்பிட்டாள்.

"ஏங்கண்ணு, உள்ள எதாச்சும் தொங்குதா?"